தேசிக்காய் போன வழி

நிலாவரைக் கிணற்றுக்குள் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களில் இந்தக் கதையைக் கேளாதவர் குறைவு. எனக்குச் சொன்னவர் எங்கள் அம்மம்மா. புத்தூர்ப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, நவக்கிரியில் வானை நிற்பாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். சுண்ணக்கல்லுக்குள் வாய் பிளந்த பெரிய பள்ளம், அதற்குள் அடி தெரியாத பச்சைத் தண்ணீர். "ஆர் அம்மம்மா தேசிக்காய் போட்டுப் பாத்தது?" என்று கேட்டேன். "ஆரோ போட்டவை. நீ எட்டிப் பாராதை, விழுந்திடுவாய்" என்றார்.

தேசிக்காய் மிதக்கும் பொருள். கிணற்றின் மேற்பரப்பில் மிதப்பது, ஆழத்திலுள்ள பாறை இடுக்குக்குள் புகுந்து ஊர் கடந்து வடகரைக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தக் கதையைக் கட்டியவர்களை நான் மதிக்கிறேன். ஓரிடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன வழிதான் இன்றும் நிலத்தடி நீரியலில் நடைமுறையில் இருக்கிறது: ஓரிடத்தில் அடையாளம் ஒன்றை இடு, இன்னோரிடத்தில் அது வருகிறதா என்று காத்திரு.

1877 ஒக்ரோபரில் ஜேர்மனியில் இதைச் செய்தும் பார்த்தார்கள். இம்மென்டிங்கன் என்ற ஊருக்குப் பக்கத்தில் டான்யூப் ஆற்றின் தண்ணீர் படுகையிலுள்ள சுண்ணக்கல் ஓட்டைகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். கோடையில் ஆறே வற்றிப்போகும். தெற்கே 12 கிலோமீற்றர் தள்ளி ஆஹ் என்ற பெரிய ஊற்று இருக்கிறது. ஆற்றை நம்பித் தொழில் நடத்தியவர்கள் ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்றார்கள். ஊற்றை நம்பியிருந்தவர்கள் அடைக்கவே கூடாது என்றார்கள். வழக்கைத் தீர்க்கப் புவியியலாளர் அடொல்ஃப் க்னொப் 10 கிலோகிராம் ஃபுளோரெசீன் சாயத்தை ஆற்று ஓட்டைக்குள் கரைத்து விட்டார். ஏறக்குறைய 60 மணித்தியாலத்தில் ஆஹ் ஊற்று பளிச்சென்ற பச்சையாய்ப் பொங்கியது. கருங்கடலுக்குப் போகவேண்டிய ஆற்றின் தண்ணீர் நிலத்தடியால் திரும்பி, றைன் நதிக்குப் போய், வடகடலில் விழுந்துகொண்டிருந்தது. நிலத்துக்கு மேலே வரைந்த எந்தப் படத்திலும் இல்லாத பாதை அது.

60 மணித்தியாலத்தில் 12 கிலோமீற்றர் என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர். இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

மணற்பாங்கான நிலத்தில் தண்ணீர் இப்படி ஓடாது. மணிக்கும் மணிக்கும் இடையே நெளிந்து நெளிந்து, நாளொன்றுக்கு ஒரு மீற்றர் போனாலே அது வேகம். போகும் வழியில் மணலின் மேற்பரப்பில் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன, மண்ணில் வாழும் மற்ற நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்கின்றன, மிச்சம் பட்டினியால் சாகின்றன. எங்கள் குடலுக்குள் சுகமாய் வாழும் ஒரு பக்டீரியாவுக்குக் குளிர்ந்த, இருண்ட, உணவில்லாத நிலத்தடி ஒரு பாலைவனம். ஜேர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி வலயம் வகுக்கும்போது 50 நாள் கோடு என்று ஒன்று வரைகிறார்கள். எந்த இடத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் கிணற்றை அடைய 50 நாள் எடுக்குமோ, அந்த இடங்களை இணைக்கும் கோடு. அதற்குள் மலக்குழியும் எருக்கும்பமும் கூடாது. 50 நாளில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் செத்துவிடும் என்பது கணக்கு.

இந்தக் கோடு மீற்றரில் அளப்பதில்லை, நாளில் அளப்பது. நாளொன்றுக்கு ஒரு மீற்றர் போகும் மணலில் 50 நாள் என்றால் 50 மீற்றர். க்னொப்பின் சாயம் போன வேகத்தில் 50 நாள் என்றால் 250 கிலோமீற்றர். சுண்ணக்கல் நாட்டில் மண் வடிகட்டித் தரும் என்று நம்பியிருப்பவர்கள் எதை நம்பியிருக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

சுண்ணக்கல் ஏன் இப்படி? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைக் கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு ஒன்று விரல் நுழையும் இடுக்காகும், இடுக்கு கை நுழையும் குழாயாகும், குழாய் குகையாகும். அதிகத் தண்ணீர் போகும் வழி அதிகம் கரையும், அதிகம் கரைந்த வழியால் இன்னும் அதிகத் தண்ணீர் போகும். இதனால்தான் அடுத்தடுத்த வளவுகளில் ஒரு கிணறு வற்றாமலும் மற்றது சித்திரையில் அடி காட்டியும் நிற்கின்றன. ஒன்று வழியில் விழுந்த கிணறு, மற்றது வழிக்கு வெளியே விழுந்தது.

இனி ஒரு ஊரின் கதை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கற்றன், ஏறக்குறைய 4,800 பேர் வாழ்ந்த விவசாய ஊர். ஒன்ராறியோவில் இவ்வளவு தமிழர் வாழ்ந்தும் இந்த ஊரின் பெயர் எங்கள் வீடுகளில் அதிகம் பேசப்படாதது எனக்குக் கவலை.

ஊருக்கு மூன்று கிணறுகள். அவற்றில் 5ஆம் இலக்கக் கிணறு 1978இல் தோண்டப்பட்டது. வெடிப்பு விழுந்த பாறையில், நிலமட்டத்திலிருந்து 5 முதல் 8 மீற்றர் ஆழத்துக்குள்ளிருந்து தண்ணீர் எடுத்த கிணறு அது. பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை. தோண்டிய காலத்திலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. கிணற்றை இறைத்துப் பரிசோதித்தபோது அருகிலிருந்த ஊற்றுகளின் ஓட்டம் குறைந்தது. மேலே ஓடும் தண்ணீருக்கும் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சுற்றியுள்ள நிலத்தை ஊரே வாங்கிக் காப்பு வலயமாக வைத்திருப்பது நல்லது என்று நீரியலாளரின் அறிக்கை சொன்னது. நிலம் வாங்கப்படவில்லை.

22 வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இதைக் கவனித்துச் சொல்ல விரும்புகிறேன். ஆபத்தான கிணறு ஒன்று வருடக்கணக்கில் நல்ல தண்ணீர் தரும், அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அதற்குச் சாட்சியும் சொல்வார்கள். சரியான நாளில் சரியான மழை பெய்யும்வரைதான் அது.

அந்த மழை 2000 மே 8 முதல் 12 வரை பெய்தது. ஐந்து நாளில் 134 மில்லிமீற்றர். எங்கள் ஐப்பசிக்கு அது பெரிய மழை இல்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் பக்கத்துப் பண்ணையில் சாணம் பரப்பியிருந்தார்கள். மழை அதைக் கழுவிக்கொண்டு மெல்லிய மண்ணுக்குள்ளால் வெடிப்புகளில் இறங்கிற்று. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கொடிய வகையும் கம்பைலோபக்டரும் கிணற்றுக்குள் வந்தன.

கிணற்றுக்கு இன்னொரு காவல் இருந்தது, குளோரீன். 15 நிமிடம் கலந்து நின்ற பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்குமளவு இடவேண்டும் என்பது விதி. ஊழியர்கள் வழமையாகக் குறைத்தே இட்டார்கள், அளக்காமலே ஏட்டில் எண் எழுதினார்கள். எஞ்சிய குளோரீன் அளவைத் தானாகவே தொடர்ந்து பார்த்து எச்சரிக்கும் கருவி இருந்திருந்தால், அழுக்கு குளோரீனைத் தின்று தீர்த்த அந்தக் கணமே மணி அடித்திருக்கும். கருவி இருக்கவில்லை. தண்ணீரில் கிருமி இருக்கிறது என்ற ஆய்வுகூட முடிவு மே 17இல் ஊரின் நீர்ச்சபைக்குக் கிடைத்தது. சுகாதாரத் துறை விசாரித்தபோது, தண்ணீர் நல்லது என்றே பதில் வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவித்தல் சுகாதாரத் துறையிடமிருந்து மே 21இல்தான் வெளியானது. ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். பிழைத்த பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகியது.

விசாரணைக்குத் தலைமை தாங்கிய நீதியரசர் டெனிஸ் ஓ'கொனரின் அறிக்கை 2002இல் வந்தது. ஊழியர்களின் பிழை, மேற்பார்வையின் பிழை, செலவுக் குறைப்பால் ஆய்வுகூட ஒழுங்குகள் குலைந்தது எல்லாம் அதில் உண்டு. நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அதிலுள்ள இன்னொரு முடிவைத்தான். பண்ணைக்காரர் மீது குற்றமில்லை என்றார் நீதியரசர். சாணத்தை எப்படி இடவேண்டும் என்று நல்ல வழக்கம் சொன்னதோ அப்படியே அவர் இட்டிருந்தார்.

யாரும் குற்றம் செய்யாத ஒரு வயலிலிருந்து மரணம் வந்திருக்கிறது. அப்படியானால், நல்லவனாய் இரு, கவனமாய் இரு என்று மனிதருக்குச் சொல்லும் விதி போதாது. இந்த நிலத்தில் இதைச் செய்யக்கூடாது என்று இடத்துக்குச் சொல்லும் விதி வேண்டும். ஒன்ராறியோ 2006இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர்ப் பொதுக் கிணறு ஒவ்வொன்றையும் சுற்றி முதலில் 100 மீற்றர் வட்டம். அதற்கு வெளியே, தண்ணீர் 2 வருடத்தில் வந்து சேரும் நிலம், 5 வருடத்தில் வந்து சேரும் நிலம், 25 வருடத்தில் வந்து சேரும் நிலம் என்று கோடுகள். உள்ளே வர வரக் கட்டுப்பாடு இறுகும். 25 வருடத்துக்குப் பின் குடிக்கப்போகும் தண்ணீருக்கு இன்றே எல்லை போடுகிற வரைபடம் அது. கிணறு என்று நாங்கள் சொல்வது தோண்டிய துளையை. அந்த வரைபடத்தில் கிணறு என்பது தண்ணீர் நடந்து வரும் நிலம் முழுவதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், எங்கள் வலிகாமத்தின் அடியில் இருப்பதும் சுண்ணக்கல். மயோசின் காலத்துக் கடலில் படிந்த கல். மேலே செம்மண், சில இடங்களில் மண்வெட்டி இரண்டு தரம் விழுந்தாலே கல்லில் முட்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் வில்லை போல மிதந்து நிற்கிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் தாங்கி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஒரு மீற்றரை இறைத்துத் தீர்த்தால், கீழே 40 மீற்றருக்கு உப்பு ஏறும். இறைக்கிற கை மெதுவாய் இருக்க வேண்டும் என்று பழையவர்கள் சொன்னதற்கு இதைவிடக் காரணம் தேவையா?

உப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது மேலிருந்து இறங்குவதைப் பற்றி.

முதலில் மலக்குழி. இடர்கால உதவிப் பணிகளில் பயன்படும் ஸ்பியர் அளவுகோல், நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து குழி குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணக்கல்லிலும் அதற்கும் மேல் தூரம் வேண்டும். இப்போது எங்கள் காணிகளை அளந்து பார்ப்போம். ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 22.5 மீற்றர், மூலைக்கு மூலை 32 மீற்றர். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் எண் சரிவரும். ஆனால் அந்த எதிர் மூலையின் வேலிக்கு அங்காலே அயலவருடைய கிணறு இருக்கிறது. சகோதரங்களுக்குச் சீதனமாய்ப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பும் ஒரு பரப்பும் ஆன ஊரில், ஒவ்வொரு வீடும் தன் கிணற்றைத் தன் குழியிலிருந்து காப்பாற்றி, அயலவரின் கிணற்றுக்குப் பக்கத்தில் குழியைத் தள்ளி வைத்திருக்கிறது. எல்லாருமே விதிப்படி நடந்தவர்கள், வோக்கற்றன் பண்ணைக்காரரைப் போல.

கிருமிக்கு மருந்துண்டு. கொதிக்க வைக்கலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வெளிற்றும் தூள் போடுவார். கொதிநீருக்கும் குளோரீனுக்கும் அடங்காதது நைத்திரேற்று. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று பானையிலேயே நிற்கும், செறிவு கூடும். பிள்ளைக்குப் பால் கரைக்க நன்றாகக் கொதிக்க வைத்த தாய், அறியாமல் அளவைக் கூட்டித்தான் கொடுக்கிறாள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1945இல் மருத்துவர் ஹன்ரர் கொம்லி இதைத்தான் கண்டார். உடல் நீலம் பாரித்த கைக்குழந்தைகள் வந்தார்கள். இதயத்தில் கோளாறில்லை. வீட்டுக் கிணற்று நீரில் கரைத்த பாலை நிறுத்தியதும் நிறம் திரும்பிற்று. சின்னக் குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே வாழும் பக்டீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். அது இரத்தத்தில் கலந்து, ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சிசன் சுமக்க முடியாத வடிவமாக்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகளில் அந்த எல்லையைத் தாண்டிய அளவுகளை ஆய்வாளர்கள் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள்.

அது எப்படிச் சேர்கிறது என்று காண ஒரு வெங்காயத் தோட்டத்தில் அரைநாள் நின்றால் போதும். விடியற்காலை இறைப்பு மெசின் ஓடும். தண்ணீர் வாய்க்காலால் ஓடி, பாத்தி பாத்தியாய்த் திரும்பும். மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார். முதல்நாள் விசிறிய யூரியா அந்தத் தண்ணீரில் கரையும். வெங்காயத்தின் வேர் ஆழமில்லாதது, கைவிரல் நீளம் தாண்டி இறங்குவது கொஞ்சம்தான். வேர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகிக் கல்லுக்குள் இறங்கும். நாள் போக அதே கிணற்றில் ஊறும். அதே மெசின் அதே தண்ணீரை மறுபடி ஏற்றும், மறுபடி பசளை விசிறப்படும். ஒவ்வொரு சுற்றிலும் வெயில் தூய நீரை எடுத்துக்கொள்ள, உப்பும் நைத்திரேற்றும் மிச்சமாய் நிற்கும். கிணற்றுத் தண்ணீரிலேயே நைதரசன் கரைந்திருக்கிறது, அந்த அளவுக்குப் பசளையைக் குறைக்கலாம் என்று தோட்டக்காரருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால், அவருக்குக் காசும் மிஞ்சும். இதைச் செய்யப் பெரிய பொறியியல் தேவையில்லை. கிணறு கிணறாய் அளந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஜேர்மனியின் மியூனிக் நகரம் தன் குடிநீர் வரும் மங்ஃபால் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு, இயற்கை முறைக்கு மாறுவதற்காக 1992இலிருந்து பணம் கொடுத்துவருகிறது. தண்ணீரைக் குடிப்பவன் நிலத்தைப் பார்ப்பவனுக்குக் கூலி கொடுக்கிற ஏற்பாடு அது. எங்களுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எண்ணெயைப் பற்றிச் சுன்னாகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2014, 2015இல் அந்தச் சுற்றுவட்டத்துக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. கிணறு வைத்திருந்த குடும்பங்கள் பவுசர் வரும் நேரம் பார்த்துத் தெருவில் வாளியோடு நின்றன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அங்கே மின்னிலையம் நடத்திய தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பானது. தீர்ப்பு நிறுவனத்தைப் பிடிக்கலாம், கல்லின் வெடிப்புக்குள் ஒட்டியதைப் பிடிக்க முடியாது. எண்ணெயில் கண்ணுக்குத் தெரியும் படலத்தைவிடக் கரைந்து போகும் பகுதிதான் எனக்குப் பயம். பெற்றோலில் இருக்கும் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு லீற்றர் பென்சீனின் நிறை ஏறக்குறைய 880 கிராம். வகுத்துப் பாருங்கள்: அந்த ஒரு போத்தல், 8 கோடியே 80 லட்சம் லீற்றர் தண்ணீரை எல்லை வரை கொண்டுபோகப் போதும். வாகனம் திருத்தும் இடங்களில் கழித்த எண்ணெயை மதில் ஓரமாய் ஊற்றுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும்.

சென்ற வருடம் எங்கள் பக்கத்து வளவு அண்ணை வீடு கட்டத் தொடங்கினார். குழி வெட்ட இடம் குறித்தபோது எங்களையும் கூப்பிட்டார். கயிறு பிடித்து அளந்தோம். அவருடைய கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளினால் எங்கள் கிணற்றுக்கு 11 மீற்றர். எங்களிடமிருந்து தள்ளினால் பின்வளவு ஆச்சியின் கிணறு. முருங்கையடியில் மூன்று பேரும் முளைக்கட்டையோடு நின்றோம். "தம்பி, நீங்கள் படிச்சனீங்கள்தானே, எங்கை வைக்கிறது?" என்று கேட்டார். ஊறும் குழி எங்கேயும் வைக்க முடியாது அண்ணை என்றேன். அடியும் பூசிய தொட்டியாகக் கட்டி, நிரம்பினால் பிரதேச சபையின் கழிவு அள்ளும் பவுசரைக் கூப்பிட வேண்டும். செலவு கூடத்தான். அவர் இரண்டு நாள் யோசித்தார், மூன்றாம் நாள் மேசனை வரச் சொன்னார்.

பூச்சு இறுகி ஒரு கிழமை கழிய, தொட்டியை நிறையத் தண்ணீர் விட்டு, தண்ணீர் விளிம்பில் மேசன் கரியால் ஒரு கோடு கீறினார். மேலே பலகை போட்டு மூடினோம். அன்றிரவு அண்ணைக்கு நித்திரை இல்லை என்று அக்கா சொன்னா. விடிய ஐந்து மணிக்கு வேலிக்கு மேலால் கூப்பிட்டார். டோர்ச் லைற்றோடு போய்ப் பலகையை விலக்கிப் பார்த்தோம். கரிக்கோட்டிலேயே தண்ணீர் நின்றது.